படக் கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

விதி சின்னதுதான். இணையதளத்தில் ஏற்றும் படத்தின் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், ஹைஃபன் தவிர வேறெதுவும் வேண்டாம். இடைவெளி வரும் இடமெல்லாம் ஹைஃபன். பத்துப் படம் உள்ள தளத்தில் இதை மீறினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கில் படம் சேர்ந்து, தளத்தை வேறு சர்வருக்கு மாற்றும் நாளில்தான் வினை தெரியும்.

பலர் இந்த விதியை நம்பாததற்குக் காரணம் பிரவுசர். பக்கத்தில் படத்தைக் காட்டும் சாதாரண ஐஎம்ஜி டேகில் இடைவெளியோடு பெயரைக் கொடுத்தால், பிரவுசரே அதை %20 என்று மாற்றிச் சர்வரிடம் கேட்டு வாங்கிவிடும். படம் தெரிகிறதே, பிறகென்ன என்று தோன்றும். ஆனால் இணைய முகவரியின் இலக்கணமான ஆர்எஃப்சி 3986-இல் (2005) இடைவெளிக்கு இடமே கிடையாது. பிரவுசர் பொறுத்துப் போகிறது, மற்றவை பொறுக்காது.

முதலில் மாட்டுவது எஸ்ஆர்சிசெட். கைபேசிக்கு ஒரு அளவு, கணினிக்கு ஒரு அளவு என்று படங்களை வரிசையாகக் கொடுக்கும் இடம் அது. அங்கே முகவரி எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளமே இடைவெளிதான். ‘தேர் திருவிழா’ என்று பெயர் இருந்தால் ‘தேர்’ வரைதான் முகவரி. மீதி, அகலத்தைக் குறிக்கும் சொல்லாக எடுக்கப்பட்டு, பொருள் புரியாமல் அந்த வரியே தள்ளப்படும். படம் முழுதாக மறைவதில்லை. மாற்றாக இருக்கும் ஒரே அளவுப் படம் எல்லாத் திரைக்கும் போகும். அதனால் பக்கம் ஏன் கனக்கிறது என்று தேடுபவர் கண்ணில் இது எளிதில் படாது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் மேற்கோள் குறி இல்லாமல் பின்னணிப் படத்தின் முகவரியை எழுதினால் அந்த வரி முழுவதும் செல்லாது. எளிய குறிகளால் பக்கம் எழுதும் மார்க்டவுனிலும் இதே சிக்கல். படத்தின் முகவரியை வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ இடைவெளியோடு ஒட்டினால், முதல் இடைவெளி வரைதான் நீல நிறத்தில் இணைப்பாகும்.

%20 என்றே எழுதிவைத்தால் தீருமா? பாதிதான். ஏற்கனவே மாற்றிய முகவரியை இன்னொரு நிரல் மறுபடி மாற்றினால், அதிலுள்ள % குறியே %25 ஆகி, கடைசியில் %2520 என்று வந்து நிற்கும். சர்வர் பதிவேட்டில் 404 (கோப்பு இல்லை) வரிகளுக்கிடையே %2520 கண்ணில் பட்டால், இரண்டு முறை மாற்றம் நடந்திருக்கிறது என்று உடனே முடிவு கட்டலாம். இடைவெளிக்கு + போடும் பழக்கமும் உண்டு. அது முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதிக்கு மட்டும். கோப்புப் பெயரில் + என்றால் + தான்.

தளம் நடத்த வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ஒரு சௌகரியம்: மீடியா பகுதி வழியாக ஏற்றினால் இடைவெளியை அதுவே ஹைஃபனாக்கிவிடும். ஆனால் பெயரில் உள்ள பெரிய எழுத்தைச் சிறிதாக்காது, தமிழ் எழுத்தைத் தொடாது. கோப்பைச் சர்வருக்கு அனுப்பும் எஃப்டிபி வழியாக நேரே போட்ட கோப்புகள் இந்தச் சல்லடையில் விழவே விழாது. மீடியா பகுதியில் தலைப்பைத் திருத்தினால் கோப்பின் பெயரும் மாறிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய, மாறாது. ஆகவே பெயரை ஏற்றுமுன் கணினியிலேயே சரிசெய்ய வேண்டும்.

அதைவிடத் தொல்லை, கண்ணுக்கு இடைவெளி போலத் தெரிந்தும் இடைவெளியாக இல்லாத ஒன்று. அண்மைய மேக் பதிப்புகளில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டின் பெயரில், நேரத்துக்கும் ஏஎம் அல்லது பிஎம் என்பதற்கும் நடுவே குறுகிய பிரியா இடைவெளி ஒன்று வரும். ஸ்பேஸ் பட்டியைத் தட்டி அதே பெயரைத் தேடினால் கிடைக்காது; ‘இடைவெளியை மாற்று’ என்ற கட்டளையும் அதைத் தாண்டிப் போய்விடும். வேர்டில் தட்டிய தலைப்பை அப்படியே பெயராக ஒட்டினால், ஹைஃபன் இருக்க வேண்டிய இடத்தில் நீளக் கோடு வருவதும் இந்த ரகம்.

தமிழிலேயே பெயர் வைத்தால் என்ன? வேலை செய்யும், ஆனால் விலை உண்டு. எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் % சேர்த்து மூன்று இடம் பிடிப்பதால், அது ஒன்பது இடமாக விரியும். ‘கோவில்’ என்ற ஒரு சொல்லில் க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி என்று ஆறு குறி, அதனால் 54 இடம். ஒரு பெயருக்கு 255 பைட் என்ற லினக்ஸ் வரம்பு 85 தமிழ்க் குறிகளிலேயே முடிந்துவிடும். இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். உண்மையான வம்பு ஓகாரத்தில் இருக்கிறது. ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் ப்ளஸ் வட்டு அதை இரண்டாக உடைத்தே வைக்கும். அந்தக் கோப்பு அப்படியே லினக்ஸ் சர்வருக்குப் போனால், பக்கத்தில் எழுதிய பெயரும் ஃபோல்டரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரியும். சர்வர் மட்டும் 404 என்னும். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதி. தமிழை ஆல்ட் விவரத்திலும் (படம் தெரியாதபோது அதற்குப் பதில் வரும் எழுத்து) படக் குறிப்பிலும் தாராளமாக எழுதுங்கள். கோப்புப் பெயரில் வேண்டாம்.

பெரிய, சிறிய எழுத்தும் கவனிக்க வேண்டியது. விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் வேறுபாடு பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். கேமரா பெரிய எழுத்தில் வைக்கும் ஜேபிஜி நீட்டிப்பு, சொந்தக் கணினியில் படத்தைக் காட்டிவிட்டு சர்வரில் காணாமல் போவது இதனால்தான்.

மொத்தமாகப் பெயர் மாற்ற விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பின் பவர்ரீநேம் நன்றாக உழைக்கிறது. மாற்றுமுன் முன்னோட்டம் காட்டும். பல கோப்புகளைத் தேர்ந்து எஃப்2 அழுத்தும் குறுக்குவழி வேண்டாம்: விண்டோஸே இடைவெளியும் அடைப்புக்குறியும் சேர்த்து (1), (2) என்று எண் போடும். அடைப்புக்குறி, மேற்கோள் இல்லாத சிஎஸ்எஸ் முகவரியையும் கெடுக்கும். எந்தக் கருவியானாலும் பெயர் மோதலைப் பாருங்கள். ‘தேர் 1’, ‘தேர்-1’ இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் இரண்டும் ‘தேர்-1’ ஆகும். லினக்ஸில் பெயர் மாற்றும் எம்வி கட்டளையை ஒரு நிரலுக்குள் ஓட்டினால், ஒன்றின் மேல் ஒன்றைச் சத்தமில்லாமல் எழுதிவிடும்.

தேடலில் படம் மேலே வரும் என்ற ஆசையில் மட்டும் இதைச் செய்தால் ஏமாற்றம்தான். பெயரிலிருந்து மிக லேசான குறிப்பே கிடைக்கும் என்று கூகுளே சொல்கிறது. ஆல்ட் விவரமும் சுற்றியுள்ள எழுத்தும்தான் அதிகம் உதவும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய படங்களை அழகுக்காகப் பெயர் மாற்ற வேண்டியதில்லை. மாற்றியே தீர வேண்டுமென்றால் பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 ரீடைரக்ட் கட்டாயம். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் அந்த வரியை எழுதும்போது பழைய பெயரில் %20 போடாதீர்கள். ஒப்பிடுமுன் சர்வர் அதை இடைவெளியாக அவிழ்த்துவிடும். எனவே நிஜ இடைவெளியோடு, அந்தப் பழைய பாதை முழுவதையும் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்.