பேராசிரியரின் சிலப்பதிகாரத்தைக் கட்டிக் கொடுத்த கொழிஞ்சாம்பாறைக் கடை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் எங்களுக்குச் சிலப்பதிகாரம் நடத்திய பேராசிரியர் மறைந்த பின், அவர் வகுப்புக்குக் கொண்டுவரும் உ.வே.சாமிநாதையர் பதிப்பின் மறுஅச்சுப் பிரதியை அவருடைய துணைவியார் என்னிடம் ஒப்படைத்தார். முதுகு பிரிந்து, தாள் பழுப்பேறிக் கிடந்த அந்த நூலைக் கொழிஞ்சாம்பாறையில் உள்ள ஒரு சிறிய பைண்டிங் கடையில் கட்டக் கொடுத்தேன். பழைய நூல் வைத்திருப்போர் தயங்காமல் அங்கே போகலாம்.

அந்தப் பிரதியின் மதிப்பெல்லாம் அதன் ஓரங்களில்தான் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் மூன்றாம் பகுதியான வஞ்சிக்காண்டத்துக்குப் பழைய உரையாசிரியர் அடியார்க்குநல்லாரின் உரை கிடைக்கவில்லை என்பதால், அதன் 7 காதைகளிலும் ஐயா தம் விளக்கங்களைப் பென்சிலால் நெருக்கி எழுதியிருந்தார். அவற்றோடு, வகுப்பில் மாணவர் கேட்ட கேள்விகளையும் கேட்டவர் பெயரோடு குறித்து வைத்திருந்தார். கொடுங்கல்லூர் பகவதியைக் கண்ணகி என்கிறார்களே, அதற்கு நூலில் சான்று உண்டா என்று வேலந்தாவளத்து மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி அக்காண்டத்தின் முதல் காதையான குன்றக்குரவையின் ஓரத்தில் பதிவாகியிருக்கிறது; அதன் கீழே ‘நாளை விடை சொல்ல வேண்டும்’ என்று எழுதி, சொல்லி முடித்தபின் அடித்திருக்கிறார். மாணவர் கேள்வியை இவ்வளவு மதித்த ஆசிரியரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பல கடைகளில் மூன்று பக்கமும் இயந்திரத்தில் வெட்டிச் சமப்படுத்திவிடுவார்கள். உள்ளோரத்தில் துளையிட்டுத் தைப்பதால் நூலும் முழுதாக விரியாது. இந்தக் கடைக்காரரோ பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஓரம் வெட்டினா வாத்தியாரோட எழுத்துப் போயிருமுங்க சார், அப்படியே விட்டுரட்டுங்களா?” என்று அவராகவே கேட்டார். ஃபாரங்களை, அதாவது மடித்த தாள் தொகுதிகளை, தனித்தனியே பிரித்து, கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டி, மடிப்பின் வழியாகவே தைத்து, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையால் காலிக்கோ துணி ஒட்டிய அட்டை போட்டிருக்கிறார். இப்போது நூலை விரித்து வைத்தால் தையலை ஒட்டிய குறிப்பையும் தடையின்றிப் படிக்க முடிகிறது.

முதுகில் பெயர் பொறிக்க அவரிடம் மலையாள எழுத்தும் ஆங்கில எழுத்தும்தான் உண்டு. இத்தனை தமிழர் வாழும் வட்டாரத்தில் இது பெரிய குறையே; பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்து ஒட்டச் சொன்னேன். கூலி 400 ரூபாய், செய்த வேலைக்கு அது குறைவு. சொன்ன நாளுக்கு ஒரு வாரம் பிந்தித்தான் நூல் கைக்கு வந்தது. மழைக்காலத்தில் பசை எளிதில் உலராது என்பதால் ஆடி கழிந்த பிறகு கொடுப்பது நல்லது; ஐயாவின் தொல்காப்பிய உரைகளை நான் ஆவணியில் அங்கே கொடுக்கவிருக்கிறேன்.