கேம்பர் வேனுக்கு ரூஃப் ரேக்கும் ஹிட்ச் கேரியரும்: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்களுடையது மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர், 144 அங்குல வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்), ஹை ரூஃப், அதாவது உயரக் கூரை. கலிஃபோர்னியாவில் ஓடுகிறது. மேலே சாமான் கட்ட அலுமினியம் ரூஃப் ரேக், பின்னால் ஹிட்ச்சில், அதாவது டிரெய்லர் மாட்டும் இணைப்பில், சைக்கிளும் பெட்டியும் ஏற்றும் கேரியர், இரண்டையும் மாட்டிச் சில வருடங்களாகிவிட்டன. ஹைவே 395-ன் எதிர்காற்று, டெத் வேலியின் கரடு முரடான மண்பாதை, பசிபிக் கரையின் உப்புக் காற்று எல்லாவற்றிலும் இவை அடிபட்டிருக்கின்றன. வேனைத் தங்கிப் பயணிக்கும் கேம்பராக மாற்றத் தொடங்கும் நண்பர்கள் முதலில் கேட்பது "எந்த பிராண்ட் வாங்கலாம்?" என்றுதான். பிராண்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு காகிதத்தை எடுத்து எடைகளைக் கூட்டுங்கள்.

ஹை ரூஃப் ஸ்பிரிண்டரின் கூரை தாங்கலாம் என்று மெர்சிடிஸ் சொல்வது 330 பவுண்டு, அதாவது 150 கிலோ. கூரை தாழ்ந்த மாடலுக்கு இதில் இரு மடங்கு. 150 கிலோ என்றதும் தாராளமாகத் தோன்றும். ஆனால் ரேக்கின் எடையும் அதில்தான் அடங்கும். எங்கள் ரேக் 40 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 200 வாட் சோலார் பேனல் இரண்டு சேர்ந்து 22, 23 கிலோ. பக்கவாட்டில் சுருட்டி விரிக்கும் பந்தல், அதுதான் ஆனிங், 30 கிலோவை நெருங்கும். ஒரு சாமானைக்கூட ஏற்றாமலே தொண்ணூறைத் தாண்டியாயிற்று. இதற்கு மேல் ஒரு கார்கோ பெட்டி வைத்தால் காலிப் பெட்டியே 20 கிலோ. மிச்சத்தில் நான்கு நாற்காலியும் ஒரு கூடாரமும் போகும், அவ்வளவுதான். இது வண்டி ஓடும்போது உள்ள வரம்பு. நிறுத்திவிட்டு மேலே ஏறி உட்காருவது வேறு கணக்கு, அதை ரேக் செய்தவர்கள் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள்.

எங்கள் வண்டியின் கூரையில் நீளவாக்கில் ஃபாக்டரி ரெயில், அதாவது கம்பெனியே பொருத்திய, நடுவே பள்ளமுள்ள பட்டை உண்டு. ரேக்கின் கால்களை அந்தப் பள்ளத்தில் நகர்த்தி, வேண்டிய இடத்தில் முடுக்கிக்கொள்ளலாம், கூரையில் துளை போட வேண்டியதில்லை. புது வண்டி ஆர்டர் செய்கிறவர்கள் இந்த ஆப்ஷனை விட்டுவிடாதீர்கள். ரேம் ப்ரோமாஸ்டர் வேனில் கம்பெனியே வைத்த புள்ளிகளில்தான் கால் உட்கார வேண்டும், நம் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. வாங்கும் ரேக் அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேக்கை மாட்டிக் கொடுத்த கடையில் எல்லா போல்ட்டையும் இம்பாக்ட் கன்னால் விர்ரென்று இறுக்கி அனுப்பிவிட்டார்கள். டார்க் ரெஞ்ச்சை, அதாவது முறுக்கு விசையை (டார்க்) அளந்து இறுக்கும் கருவியை, யாரும் கையில் எடுக்கவில்லை. டெத் வேலியில் ரேஸ்ட்ராக் என்ற வறண்ட ஏரிப் படுகைக்குப் போகும் பாதை முழுக்க வாஷ்போர்டு, வரிவரியாக மேடும் பள்ளமும். வண்டி மணிக்கணக்கில் உதறும். திரும்பி வந்து பார்த்தால் ஆனிங்கின் முன்பக்க பிராக்கெட்டைக் கையால் ஆட்ட முடிகிறது. அதன் பிறகு எல்லா போல்ட்டையும் ரேக் கம்பெனி கொடுத்த அளவுக்கு நானே முடுக்கி, ஒவ்வொரு நட்டிலிருந்தும் பக்கத்து உலோகம் வரை மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். நட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு முறிந்து தெரியும். இப்போது மண்பாதை முடிந்ததும் டார்ச் அடித்துக் கோடுகளை மட்டும் பார்க்கிறேன். ஐந்து நிமிஷ வேலை.

கடலோரத்தில் அடிக்கடி நிறுத்துகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போல்ட் போய் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். போல்ட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான். முற்றிவிட்டால் போல்ட் உள்ளேயே பிடித்துக்கொள்ளும், கழற்றப் போனால் முறியும். மாட்டும்போதே மரையில் ஆன்ட்டி-சீஸ், அதாவது போல்ட் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை, தடவிவிடுங்கள். ஆனால் தடவிய மரை வழுக்கும், அதே டார்க்கில் முடுக்கினால் கூடுதலாக இறுகிவிடும். அதனால் ரேக் கம்பெனி என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கார்கோ பெட்டியை நாங்கள் கூரையிலிருந்து இறக்கியதற்கு எடை மட்டும் காரணமில்லை. காலையிலும் மாலையிலும் அதன் நிழல் பக்கத்து சோலார் பேனலில் விழும். பேனலில் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் உற்பத்தி அந்த மூலையின் அளவுக்கு மட்டும் குறையாது, பெரிய துண்டாகக் குறையும். ஃபிரிட்ஜ் ஓட பேட்டரி வேண்டும், பேட்டரிக்கு வெயில் வேண்டும், வெயிலைப் பெட்டி மறைக்கிறது. தவிர, ஒரு ஜாக்கெட் எடுக்கக்கூட மூன்று மீட்டருக்கு ஏணி போட்டு ஏற வேண்டும். மழையில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

சத்தம் பற்றி: ரேக்கின் முதல் குறுக்குக் கம்பி காற்றைக் கிழித்து ஊளையிடும். முன்னால் ஒரு ஃபேரிங், அதாவது சரிவான தகடு, வைத்ததும் பாதிக்கு மேல் அடங்கியது. உயரம் பற்றி: ரேக், கூரை ஃபேன் எல்லாம் சேர்த்து அளந்து, அடி அங்குலத்தில் எழுதி சன்வைசரில் ஒட்டிவிடுங்கள். பார்க்கிங் கட்டடங்களுக்குள் இந்த வண்டி எப்படியும் போகாது. டிரைவ்-த்ரூவும் கேம்ப்கிரவுண்டின் பைன் மரக் கிளைகளும்தான் ஆபத்து.

இனி பின்பக்கம். எங்களுடையது 2 அங்குல ரிசீவர், அதாவது கேரியரின் கம்பியைச் செருகும் சதுரக் குழாய்; கம்பியைப் பூட்டுவது 5/8 அங்குல ஆணி. ஸ்பிரிண்டர் 2500-ல் இழுக்கும் சுமை 5,000 பவுண்டு, ஹிட்ச் மேல் செங்குத்தாக இறங்கும் எடை 500 பவுண்டு. இந்த 500-ஐப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். டிரெய்லரின் எடை ரிசீவர் பக்கத்திலேயே இறங்குகிறது, கேரியரின் எடையோ அதற்கும் அரை மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. பின் அச்சை நடுவாக வைத்த சீசா பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் பின்னால் ஏறக்குறைய 2 மீட்டரில் 100 கிலோ தொங்கினால், 3.66 மீட்டர் முன்னால் இருக்கும் முன் அச்சிலிருந்து 55 கிலோ தூக்கிக்கொள்ளும். பின் அச்சுக்கு 155 கிலோ கூடும். முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடிப்பு குறையும். ஹைவே 395 போகும் ஓவன்ஸ் வேலியில் பக்கக் காற்று அடிக்கும்போது இது கையில் நன்றாகவே தெரியும். எக்ஸ்டென்ஷன் பார் போட்டு கேரியரை இன்னும் பின்னுக்குத் தள்ளுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும்.

பின் கதவுகள் வழியாகத்தான் எங்கள் சமையல் எல்லாம், அதனால் ஒரு பக்கமாகத் திரும்பும் ஸ்விங்-அவே கேரியர் வாங்கினோம். சாதாரண கேரியரை விட எடையும் விலையும் கூடுதல். ஆனால் டீ போடுவதற்கு முன்னால் இரண்டு சைக்கிளை இறக்கி வைக்கும் தொல்லை இல்லை. ரிசீவருக்கும் கேரியர் கம்பிக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியால் லொடலொடவென்று ஆடும். இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளாம்ப் போட்டால் நின்றுவிடும், விலையும் சொற்பம்.

தூசிக்கு மட்டும் மருந்தில்லை. வேனின் பின்சுவர் தட்டையாக இருப்பதால் அங்கே காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பும் புழுதியை எல்லாம் உள்ளிழுக்கும். சைக்கிள் செயின் மாவு பூசியது மாதிரி வந்து சேரும். இ-பைக்குகளுக்கு உறை போடுகிறோம், பேட்டரியைக் கழற்றி வேனுக்குள் வைத்துவிடுகிறோம். எடையும் குறைகிறது, திருடனுக்கு ஆசையும் குறைகிறது. கேரியர் நம்பர் பிளேட்டை மறைத்தால் போலீஸ் நிறுத்துவார்கள். பிளேட்டையும் அதன் விளக்கையும் கேரியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் கேமராவும் மறையும். நாங்கள் இரண்டாவது கேமரா ஒன்றைக் கூரை விளிம்பில் மாட்டினோம்.

எல்லாம் ஏற்றி, தண்ணீரும் டீசலும் நிரப்பி, ஆட்களும் உட்கார்ந்தபடி லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் ஒரு முறை எடை போடுங்கள். முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாகச் சீட்டு தருவார்கள். டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இரண்டு அச்சின் வரம்பும் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வண்டியின் மொத்த வரம்பு 9,050 பவுண்டு. மொத்தத்தில் இடம் மிச்சமிருந்தது, பின் அச்சுதான் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பாதி மட்டும் நிரப்பிப் போகிற வழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.

இப்போதைய நிலவரம்: கூரையில் பேனலும் ஆனிங்கும் மட்டும். பின்னால் இரண்டு சைக்கிள், ஒரு சின்னப் பெட்டி. பெட்டியில் ஈரத் துணி, அடுப்பு, சேறான செருப்பு. கழற்றிய கூரைப் பெட்டி கராஜில் கிடக்கிறது, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.