கணினியை ரீசெட் செய்வது: பல ஆண்டுப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

விண்டோஸை மறுபடி புதிதாக நிறுவித் தரும் ‘ரீசெட் திஸ் பிசி’ வசதியை 2015இல் விண்டோஸ் 10 வெளிவந்த காலத்திலிருந்து பயன்படுத்தி வருகிறேன். என் மடிக்கணினியில் மட்டுமல்ல. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) உள்ள உறவினர் வீடுகள், கோவில் அலுவலகம், அக்காள் பிள்ளைகளின் படிப்புக் கணினிகள் என்று கைக்கு வந்த எல்லாவற்றிலும் செய்து பார்த்திருக்கிறேன். மென்பொருள் கோளாறைத் தீர்க்க இதை நம்பலாம். ஆனால் கணினியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது இது மட்டும் போதாது. இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒரே பக்கத்தில் ஒரே பொத்தானுக்குப் பின்னால் இருப்பதால் பலர் ஒன்றென நினைத்துவிடுகிறார்கள். விளைவு, சிலர் குடும்பப் படங்களை இழக்கிறார்கள்; சிலர் தங்கள் மைகார்டு அடையாள அட்டையின் நகலை முன்பின் தெரியாதவரிடம் விட்டுவிடுகிறார்கள்.

“ரொம்ப மெதுவாக இருக்கிறது மாமா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுங்கள்” என்று அக்காள் மகள் கேட்டாலும் நான் உடனே ரீசெட் பக்கத்துக்குப் போவதில்லை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் முதலில் ஹார்ட் டிஸ்க்கின் நிலையைப் பார்க்கிறேன். அதில் மஞ்சள் எச்சரிக்கை தெரிந்தால் ரீசெட் பேச்சுக்கே இடமில்லை. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் பல ஜிபி தரவை மறுபடி எழுதச் சொல்வது அதன் ஆயுளை அங்கேயே முடித்துவிடலாம். முதலில் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். பிறகு டிஸ்க்கை மாற்ற வேண்டும்.

2020 மார்ச் 18 அன்று மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், வீட்டிலிருந்து படிப்பதற்காக அவசரமாக வாங்கிய மலிவு மடிக்கணினிகள் இன்னும் எங்கள் வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பல 4 ஜிபி நினைவகமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்டவை. ரீசெட் செய்தால் சில நாள்கள் நன்றாக ஓடும். புதுப்பிப்புகள் இறங்கியதும் பழைய நிலைக்கே திரும்பும். அந்த இயந்திரங்களுக்கு, சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்.எஸ்.டி சேமிப்பகம் போடுவதுதான் தீர்வு. இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது: சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்த கணினியின் விசிறியில் சாம்பிராணிப் புகை தூசியோடு சேர்ந்து பிசினாகப் படிந்துவிடும். காற்றுப் போகாமல் சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்குத் திருகுப்புளியும் தூரிகையும் போதும்.

ரீசெட் உண்மையில் கைகொடுப்பது வேறு இடங்களில். புதுப்பிப்பு பாதியில் நின்று ஒவ்வொரு முறையும் பின்வாங்குவது, ஸ்டார்ட் மெனு திறக்காமல் போவது, இலவச மென்பொருளோடு ஒட்டிவந்த விளம்பரக் குப்பை உலாவியைப் பிடித்துக்கொள்வது, வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது. இவற்றைத் தனித்தனியே தேடிச் சரிசெய்ய ஒரு வார இறுதியே போய்விடும். ரீசெட் ஒரு பிற்பகலில் முடித்துவிடுகிறது. விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகளில் இதற்கும் முந்தைய படி ஒன்று இருக்கிறது. ரீசெட் பொத்தான் இருக்கும் அதே ரெகவரி பக்கத்தில் ‘ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்’ என்று இருக்கும். அது மென்பொருள்கள், கோப்புகள், அமைப்புகள் எதையும் தொடாமல் விண்டோஸை மட்டும் அதன்மேலேயே மறுபடி நிறுவுகிறது. விண்டோஸ் 11 கணினி என்றால் இப்போது நான் முதலில் அழுத்துவது இதைத்தான். பெரும்பாலும் அத்துடன் வேலை முடிந்துவிடுகிறது.

முடியாவிட்டால் ‘கீப் மை ஃபைல்ஸ்’. பெயரைக் கேட்டால் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற உங்கள் கோப்புறைகளில் இருப்பவை நிலைக்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். எவை போயின என்ற பட்டியலை டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பாக விட்டுச்செல்வது நல்ல ஏற்பாடு. ஆனால் மென்பொருள்கள் தம் தரவை எங்கே வைத்திருந்தன என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’, ‘ஆப்டேட்டா’ ஆகிய கோப்புறைகளுக்குள் இருப்பவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய கணக்கு மென்பொருள்கள் சில தம் தரவுத்தளத்தைத் தாம் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே வைத்திருக்கும். உலாவியின் புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் ஆப்டேட்டாவுக்குள்தான் இருக்கின்றன. எதைத் தொடுவதற்கு முன்பும் முழு நகல் ஒன்றை வெளி டிஸ்க்கில் எடுத்துவைப்பது இதனால்தான்.

தமிழில் வேலை செய்யும் எவருக்கும் இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இருக்கும் எந்த வழிகாட்டியிலும் இது வராது. எங்கள் கோவில் அலுவலகக் கணினியை ஒரு கடையில் கொடுத்து ரீசெட் செய்துவந்தார்கள். கோப்புகள் எல்லாம் இருந்தன. ஆனால், “தம்பி, எந்தக் கோப்பைத் திறந்தாலும் எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வருகிறதே” என்று செயலாளர் ஐயா அழைத்தார். போய்ப் பார்த்தபோது பழைய கும்பாபிஷேக மலரின் மூலக் கோப்பு, நன்கொடையாளர் பட்டியல், ஆண்டுக் கூட்டக் குறிப்புகள் எல்லாம் மேலே புள்ளியும் கொக்கியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தன. யூனிகோட் பரவுவதற்கு முன் டிஸ்கி போன்ற குறியீடுகளில் தட்டச்சு செய்த கோப்புகள் அவை. அந்தக் குறியீட்டில் தமிழ் எழுத்துகள் ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய இடங்களில் உட்கார்ந்திருக்கும். உரிய எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். ரீசெட் கோப்பை வைத்துக்கொண்டு, பயனர் நிறுவிய எழுத்துருவைத் துடைத்துவிட்டது. என் பழைய வெளி டிஸ்க்கில் அந்த எழுத்துருக்கள் இருந்ததால் அன்றே மீட்க முடிந்தது. பிறகு அவற்றை என்.எச்.எம் கன்வெர்ட்டர் கொண்டு யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கினோம், இன்னும் முடியவில்லை.

நம் நாட்டில் இது சிறிய விஷயமல்ல. மலேசியரான முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியது 1985இல். அவ்வளவு நீண்ட காலமாக நம்மவர்கள் கணினியில் தமிழ் எழுதி வருகிறார்கள். தமிழ்ப்பள்ளிகள், சங்கங்கள், கோவில்கள் ஆகியவற்றின் வரலாறு இப்படிப்பட்ட கோப்புகளில்தான் கிடக்கிறது. ரீசெட் செய்யும் முன் விண்டோஸின் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையில் உள்ள தமிழ் எழுத்துருக்களை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. விசைப்பலகை பற்றிக் கவலை வேண்டாம். தமிழ் 99 விண்டோஸிலேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும்.

அடுத்து விண்டோஸ் கேட்பது, கிளவுட் டவுன்லோடா, லோக்கல் ரீஇன்ஸ்டாலா என்பது. லோக்கல் என்றால் கணினியில் ஏற்கெனவே உள்ள கோப்புகளைக் கொண்டே விண்டோஸை மறுபடி கட்டும். அந்தக் கோப்புகளே கெட்டிருந்தால், நெடுநேரம் ஓடி, மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்ற செய்தியோடு நின்றுவிடும். கிளவுட் என்றால் ஏறத்தாழ 4 ஜிபியை மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து புதிதாக இறக்கும். வீட்டில் ஃபைபர் இணையம் இருந்தால் தயங்காமல் கிளவுடைத் தேர்ந்தெடுக்கலாம். கைப்பேசித் தரவை நம்பி இருப்பவர்கள் மீதி அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் கைவிடும் நாளும் வரலாம். 2025 ஆகஸ்ட் 12 அன்று வெளிவந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு, விண்டோஸ் 10இலும் விண்டோஸ் 11இன் சில பதிப்புகளிலும் ரீசெட் வசதியையே முடக்கியது. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 19 அன்று, மைக்ரோசாஃப்ட் தனித் திருத்தம் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு தயாரித்த நிறுவல் பென் டிரைவ் ஒன்று என் மேசை இழுப்பறையில் எப்போதும் இருக்கும். 8 ஜிபி கொள்ளளவு போதும். பதினோராம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான இன்டெல் மடிக்கணினிகள் சிலவற்றில் பென் டிரைவிலிருந்து நிறுவும்போது எஸ்.எஸ்.டியே திரையில் தெரியாது; இன்டெலின் ஸ்டோரேஜ் டிரைவரையும் அதே பென் டிரைவில் போட்டுவைத்தால் அந்தத் தடுமாற்றம் இல்லை.

சாவி இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி செய்யும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே குறியாக்கம் தானாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. விண்டோஸ் திறக்காத நிலையில் மீட்புத் திரை வழியாகப் போனால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு எது, கடவுச்சொல் என்ன என்பது மறந்திருந்தால் கோப்புகளை மீட்க வழியே இல்லை. கணினி நன்றாக இருக்கும்போதே அந்தச் சாவியை எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறேன்.

இனி, கணினியைக் கைமாற்றுவது. இங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது ‘ரிமூவ் எவ்ரிதிங்’. அதை அப்படியே அழுத்தினால் கோப்புகள் பார்வையிலிருந்து மறையும், அவ்வளவுதான். இதைச் சோதிக்க விரும்பி, எங்கள் வீட்டுப் பழைய மேசைக்கணினியின் சுழலும் ஹார்ட் டிஸ்க்கை அவ்வாறு ரீசெட் செய்துவிட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை அதன்மேல் ஓட்டினேன். பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களும் ஊழியர் சேமநிதி அறிக்கையும் முழுதாகத் திரும்பி வந்தன. யாரும் செய்யக்கூடிய வேலை அது. ஆகவே ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்பதற்குள் போய் ‘கிளீன் டேட்டா’ என்பதை இயக்கியே ஆக வேண்டும். நெடுநேரம் எடுக்கும், பெரிய டிஸ்க் என்றால் இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். மடிக்கணினியை மின் இணைப்பிலேயே வைத்திருங்கள்.

எஸ்.எஸ்.டியில் நிலைமை வேறு. தேய்மானத்தைப் பரவலாக்குவதற்காக அது எழுதும் இடங்களை உள்ளுக்குள் மாற்றிக்கொண்டே இருக்கும். மேலே எழுதிவிட்டால் பழையது எல்லாம் அழிந்தது என்று உறுதி கூற முடியாது. அங்கே நான் நம்புவது குறியாக்கத்தை. முதலில் டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்து, அது முடிந்தபின் எல்லாவற்றையும் நீக்குவேன். சாவி அழிந்துவிட்டால் மிச்சம் கிடப்பது யாருக்கும் பயன்படாத குப்பை. குறியாக்க வசதி இல்லாத கணினிகள் சிலவற்றின் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளிலேயே) ‘செக்யூர் இரேஸ்’ என்ற அழிக்கும் வசதி இருக்கும். ரீசெட்டே ஆகாமல் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நானே வைத்துக்கொள்வேன், கணினியோடு கொடுப்பதில்லை. மின்னணுக் கழிவு நம் சட்டத்தில் எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு. வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது.

ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. டி2 சிப் அல்லது ஆப்பிள் சிலிக்கான் உள்ள கணினிகளில் மேக்ஓஎஸ் மான்டரே பதிப்பிலிருந்து ‘இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’ சில நிமிடங்களில் முடித்துவிடும். தொலைந்த கணினியைத் தேட உதவும் ‘ஃபைண்ட் மை’ அணைக்கப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். இல்லையேல் வாங்கியவருக்கு அந்தக் கணினி பூட்டியே கிடக்கும்.

2017இல் வாங்கிய என் மடிக்கணினி ஏழாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 அதை ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒத்திசைத்தால் அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கப்போகும் கணினியில் இப்படித் தேதி முடியும் ஏற்பாட்டைப் போட எனக்கு மனம் வரவில்லை. முழுவதும் துடைத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி அக்காள் மகனுக்குக் கொடுத்தேன். கல்வி அமைச்சின் டெலிமா தளம் உலாவியிலேயே திறக்கிறது; தமிழ் 99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ள முடிந்தது. எந்தப் புகாரும் வரவில்லை.

வாங்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. பினாங்கில் கொம்தார் பக்கமோ, கோலாலம்பூரில் லோயாட் பிளாசாவிலோ பழைய மடிக்கணினி பார்க்கும்போது, பணம் கொடுக்கும் முன் விண்டோஸ் உரிமத்தின் நிலையைக் காட்டும் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு பிணைந்தது. முறையான கணினி எத்தனை ரீசெட் ஆனாலும் இணையத்தில் சேர்ந்ததும் தானாகவே உரிமம் பெற்றுவிடும். குறுக்கு வழியில் உரிமம் ஏற்றிய கணினியோ வீட்டில் முதல் ரீசெட் ஆனதும் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று திரை மூலையில் எழுதிக் காட்டலாம். பயாஸுக்குக் கடவுச்சொல் இருக்கிறதா, முன்பிருந்த நிறுவனத்தின் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கடைக்காரர் முன்னிலையிலேயே மறுதொடக்கம் செய்து பாருங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.