அண்ணா நகரும் பழைய மகாபலிபுரம் சாலையும்

1968ஆம் ஆண்டு உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தை ஒட்டி வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய சென்னை அண்ணா நகரில், அவென்யூக்களும் குறுக்குத் தெருக்களும் அடிக்கடி ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், இரண்டாவது அவென்யூவில் நெரிசல் என்றால் ஆட்டோக்காரர் அடுத்த தெருவில் திரும்பிவிடுகிறார். நடந்து செல்வோருக்கும் பல வழிகள் உண்டு.

பழைய மகாபலிபுரம் சாலையிலோ, ஏரிகளுக்கும் சதுப்பு நிலத்துக்கும் இடையே நிலங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, பல அடுக்குமாடி வளாகங்கள் தத்தம் மதிலோடு முடிந்துவிட்டன. மதிலுக்கு மறுபுறம் இருக்கும் மளிகைக் கடைக்குக்கூட, வாயிற்காவலரைக் கடந்து பிரதான சாலைக்கு வந்து, யூ-டர்ன் வரை சென்று திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கே குடும்பத்துக்கு இரண்டு வண்டி தேவைப்படுவதற்குத் தூரத்தைவிட இந்தத் துண்டிப்பே பெரிய காரணம் என்பேன். கட்டி முடித்த மதிலை இடித்துப் பொதுத்தெரு அமைப்பது மிகக் கடினம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே இணைப்புத் தெருக்களைக் கேட்டு வாங்க வேண்டும்.