மின்மடலா, புலனமா, போட்டோஸ்டேட் தாளா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

தோட்டத் தமிழர் வரலாறு பற்றி நான் எழுதும் மாத மடலில் போன வருடம் ஒரு தப்பு எழுதிவிட்டேன். 1948 ஜூன் 16 அன்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வாக்கர், அல்லிசன், கிறிஸ்டியன் என்ற மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டது அதை ஒட்டித்தான். மூவரும் எல்பில் தோட்டத்தில் இறந்ததாக எழுதினேன். எல்பிலில் இறந்தவர் வாக்கர் ஒருவர் மட்டுமே. அல்லிசனும் கிறிஸ்டியனும் இறந்தது பின் சூன் தோட்டத்தில்.

அந்த மாதம் அதே கட்டுரை மூன்று வழியாகப் போயிருந்தது: மின்னஞ்சல், புலனம் (வாட்ஸ்அப்பை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்), பிறகு முடிதிருத்தும் கடையிலும் கோயில் மண்டபத்திலும் வைத்த போட்டோஸ்டேட் தாள். ஒரே தப்பு மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பிழைத்துக் கிடந்தது. எது நல்ல வழி என்று கேட்கிறவர்களுக்கு நான் வாசகர் எண்ணிக்கையைச் சொல்வதில்லை, அந்தத் தப்பின் கதையைத்தான் சொல்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆய்வுப் பட்டம் கிடையாது. மாதம் ஒரு விஷயம் எடுத்துக்கொள்வேன். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு மாதம். 1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள் ஒரு மாதம். அரசியல் தலைவர் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் ஒரு மாதம். இந்த வரலாற்றுக்கு ஆதாரம் பாதி நூலகத்தில் இருக்கிறது. மீதி, பெரட்டுக்களத்தில் (காலையில் தோட்டத்து ஆட்களைப் பெயர் கூப்பிடும் இடம்) நின்ற ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. ஆகவே நான் எழுதுவது அவர்களிடம் போவது மட்டும் போதாது, அவர்கள் சொல்வது என்னிடம் திரும்பி வரவும் வேண்டும்.

முதலில் தாள். எங்கள் கடையில் ஒரு பக்கத்துக்குப் பத்து சென். இரண்டு பக்கம், நூறு பிரதி என்றால் 20 வெள்ளி (ரிங்கிட்). கண்ணாடி போட்ட தாத்தாமாருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கலாம். எல்பில் தப்பை முதலில் பிடித்ததும் தாள்தான். முடிதிருத்தும் கடையில் ஒரு பெரியவர் ஓரத்தில் நீலப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். தேடிப் போனேன். "என்னா டீச்சர், மூணு தொரையும் எல்பில்லனு எழுதிப்புட்டீங்க? எங்கப்பா பின் சூன்ல மரம் வெட்டுனவரு. ரெண்டு தொர அங்கதான்," என்றார். (பால் எடுக்க ரப்பர் மரம் சீவுவதைத்தான் இங்கே மரம் வெட்டுவது என்போம்.) அப்பா சொன்னது என்று இன்னும் இரண்டு மணி நேரம் பேசினார். எந்த மின்னஞ்சலும் இதுவரை எனக்கு அப்படி ஒரு மாலையைத் தரவில்லை.

ஆனால் தாளுக்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி, செய்தியோ கருத்தோ தாங்கிக் காலமுறைப்படி வரும் அச்சு ஏட்டுக்கு உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். 2012இல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதியை எடுத்தார்களே ஒழிய, அனுமதியை எடுக்கவில்லை. போட்டோஸ்டேட் தாளை யார் கேட்கப் போகிறார்கள் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. மாதாமாதம் வரிசை எண் போட்டு நான் கொடுத்தது தெரியாத்தனம், இப்போது கொடுப்பதில்லை. அத்துடன் தாள் நிலைப்பதில்லை. அடுத்த வாரம் அதில் வடை மடித்திருப்பார்கள்.

புலனம் ஊரையே எட்டும், இதில் வாதமில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, போனவர்கள் எல்லார் கையிலும் அது இருக்கிறது. தட்டச்சு வராத பாட்டிகூட ராத்திரி பத்து மணிக்குக் குரல்பதிவு அனுப்புவார். ஆயக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டு எனக்கு அப்படித்தான் வந்தது.

சிக்கல் வேறு இடத்தில். அனுப்பியதைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம். இரண்டு நாளுக்குள் எல்லாருக்கும் அழிக்கலாம். பேனாக் கோடு என் கண்ணில் பட்டது ஒன்பதாம் நாள். அதற்குள் கட்டுரை என் பெயரை உதறிவிட்டுப் பல குழுக்களுக்குப் போயிருந்தது. திருத்தம் அனுப்பினேன். தப்பு ஓடியது, திருத்தம் நடந்தது. இன்றும் யாராவது எனக்கே அதை அனுப்பி, "டீச்சர், இது தெரியுமா?" என்று கேட்கிறார்கள்.

ஒலிபரப்புப் பட்டியல் வைத்தால் 256 பேர்தான் உச்சம், அதிலும் என் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். புலனத்திலேயே அலைவரிசை (சேனல்) தொடங்கினால் வரம்பு இல்லை, ஆனால் அது ஒருவழிப் பாதை; கட்டைவிரலும் பூவும் வரும், பின் சூன் வராது.

மின்மடலுக்கு வருகிறேன். என் பட்டியலில் இருநூற்றுச் சொச்சம் பேர். பெரும்பாலும் கோலாலம்பூர், சிங்கப்பூர், லண்டன் என்று போய்விட்ட தோட்டத்துப் பிள்ளைகள். ஊருக்குள் இருப்பவர் இருபது பேர் தேறுவார்களா, சந்தேகம். மின்னஞ்சல் முகவரி வங்கிக்காக வைத்திருப்பார்கள், கடவுச்சொல் மகனுக்குத்தான் தெரியும். தோட்டத்தைப் பற்றி எழுதி, தோட்டத்தில் இல்லாதவர்களுக்கே அனுப்புகிறோமே என்ற குறுகுறுப்பு எனக்குப் போகவில்லை.

இருந்தும் என் தலைமைப் பிரதி அங்கேதான் இருக்கிறது. காரணம் அந்தத் தப்புதான். போன அஞ்சலை என்னாலும் திரும்பப் பெற முடியாது. ஆனால் இணையத்தில் நிற்கும் மூலப்பக்கத்தில் எல்பில் என்ற வரியைத் திருத்தி, கீழே தேதியும் போட்டு, யார் தந்தை சொன்னதால் திருத்தினேன் என்று அவர் சம்மதத்தோடு எழுதினேன். அடுத்த மடலின் தலையிலும் அதையே போட்டேன். நாளைக்கு ஒரு மாணவர் மேற்கோள் காட்டினால் திருத்திய வரியைத்தான் காட்டுவார். தப்பு செய்ததும் திருத்தியதும் சேர்ந்தே கண்ணில் படும் வசதி மற்ற இரண்டுக்கும் இல்லை.

எந்தச் சேவையில் நடத்துவது என்பது இரண்டாம் கேள்வி. சப்ஸ்டாக், கோஸ்ட் இரண்டும் மின்மடல் அனுப்பித் தரும் இணையச் சேவைகள். சப்ஸ்டாக்கில் இலவச மடலுக்குச் செலவில்லை. சந்தா வாங்கினால் 100 வெள்ளிக்கு 10 வெள்ளி அவர்களுக்கு, அட்டைக் கட்டணம் தனி. கோஸ்ட் சந்தாவில் பங்கு கேட்காது, ஆனால் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதக் கட்டணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் சொந்தமாக நிறுவத் தெரிந்த பிள்ளை வீட்டில் வேண்டும். நான் சந்தா வாங்குவதில்லை என்பதால் முதலாவது. முகவரிப் பட்டியலை முழுசாகத் தரவிறக்கிக்கொள்ளலாம் என்பதைப் பார்த்த பிறகுதான் சேர்ந்தேன். பிடிக்காவிட்டால் ஆட்களோடு கிளம்பிவிடலாம். புலனக் குழுவை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. ஜிமெயில் 102 கிலோபைட்டைத் தாண்டிய மடலை நடுவில் வெட்டி, மீதியை ஓர் இணைப்புக்குப் பின்னால் தள்ளும். ஆங்கில எழுத்து ஒரு பைட், நம் எழுத்துக்கு ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'கொ' என்று ஒன்று எழுதினாலே ஆறு. ஆகவே நம் மடல் சீக்கிரமே வெட்டுப்படும். நான் ஈராயிரம் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். 2021 முதல் ஆப்பிள் அஞ்சல் செயலி, ஆள் படிக்காமலேயே படங்களை முன்கூட்டி இழுத்து, திறந்த மாதிரி காட்டும்.

நாளிதழ் ஞாயிறு பக்கம் என்ற வழியும் உண்டே என்பார்கள். கோப்பிக் கடையில் இன்னும் அதற்கு மரியாதை இருக்கிறது. ஆனால் இடம் அவர்களுடையது, தலைப்பும் அவர்களுடையது, திருத்தம் வந்தால் எட்டாம் பக்க மூலையில். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019 ஜனவரியோடு நின்றுபோனது. பல்கலைக்கழக ஆய்விதழோ, சரிபார்ப்பில் எல்லாரையும்விடக் கறாரானது. அதை மதிக்கிறேன். ஆனால் சரிபார்க்கும் பேராசிரியருக்கு பின் சூனில் மரம் வெட்டிய அப்பா இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

இப்போது என் ஏற்பாடு இது. மூலம் மின்மடலின் இணையப் பக்கத்தில். புலனத்தில் முழுக் கட்டுரை போடுவதில்லை. இரண்டு நிமிடம் என் குரலில் சுருக்கமும், அந்தப் பக்கத்தின் இணைப்பும் மட்டும். யார் எங்கே அனுப்பினாலும் வாசகர் வந்து சேர்வது திருத்திய பக்கத்துக்குத்தான். மாதத் தாளுக்குப் பதில், வருடக் கடைசியில் பன்னிரண்டையும் தொகுத்துப் புத்தக எண் (ISBN) வாங்கி ஒரு சிறுநூல். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு ஐந்து பிரதி. முடிதிருத்தும் கடைக்கு ஒன்று, ஓரம் அகலமாக விட்டு, நூலில் கட்டிய பேனாவோடு.

போன வாரம் போய்ப் பார்த்தேன். பேனாவைக் காணோம். கள்ளுக்கடை பற்றிய பக்கத்தில் பென்சிலால் இரண்டு கையெழுத்து: கடை ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்று ஒருவர், அந்தப் பக்கம் என்று இன்னொருவர். இரண்டு பேரையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.