அம்மாவின் கையில் ஸ்மார்ட் வாட்ச்: ஓராண்டுக்கும் மேலான அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடையில் வாங்கும் ஸ்மார்ட் வாட்ச், ஒருவருக்கு டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குலையும் மறதிநோய்) வருமா வராதா என்று சொல்லாது. அப்படிச் சொல்லும் விளம்பரத்தை நம்பாதீர்கள். நான் வாங்கியது வேறு கணக்கில். நினைவு தடுமாறுவது கண்ணுக்குத் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடையும் தூக்கமும் மாறத் தொடங்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிரிட்டனில் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சம் பேருக்கு மேல் ஆளுக்கு ஒரு வாரம் மணிக்கட்டில் அசைவுமானி கட்டிக்கொண்டார்கள். நடுக்கமும் அசைவு மந்தமும் தரும் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் உறுதியாவதற்கு 7 ஆண்டுகள் வரை முன்பே அசைவு மந்தமாவதை அந்தத் தரவிலிருந்து கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் 2023இல் எடுத்துக்காட்டினார்கள். டிமென்ஷியாவுக்கும் இப்படி ஒரு தடயம் தேடும் திட்டத்தை அல்சைமர்ஸ் ரிசர்ச் யுகே என்ற பிரிட்டன் தொண்டு நிறுவனம் 2020இல் தொடங்கியது. நம் வீட்டில் முடிவது, அம்மாவை அம்மாவின் பழைய நிலையோடு ஒப்பிடுவது மட்டும்தான்.

முதல் தலைவலி வளையல். இரண்டு தங்க வளையல்களுக்கு நடுவே வாட்ச் இடிபட்டு, அடியிலிருக்கும் சென்சார் தோலைவிட்டு விலகிவிடும். நாடித்துடிப்பு விட்டுவிட்டுப் பதிவாகும். ஒரு துளை இறுக்கினால் தடிப்பு விழுந்தது. மாவு பிசையக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தால், மறுநாள் மதியம் வரை அங்கேயே கிடக்கும். செயலி அந்த நாளைத் 'தரவு இல்லை' என்று தள்ளிவிடுகிறது. எனக்கு வேண்டியதே அப்படி மறந்த அந்த நாள்தானே! திரும்பக் கட்ட மறந்த நாட்களைச் சுவர்க் காலண்டரில் பேனாவால் வட்டமிட்டு வருகிறேன்.

காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கை வீசாது, காலடிக் கணக்கு குறையும். மார்கழியில் நான்கு மணிக்கே எழுந்து கோலம் போட்டதற்கு, தூக்கம் ஒழுங்கற்றுப் போய்விட்டதாக எச்சரிக்கை வந்தது. திருப்பாவை படிக்கிறவர்களை வாட்சைச் செய்தவர்கள் பார்த்ததில்லை போலும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரித்துக் காட்டும் வண்ணக் கோடுகளை நான் பார்ப்பதே இல்லை. படுத்த நேரம், எழுந்த நேரம், வாரக்கணக்கில் நடை, ஓய்வு நாடித்துடிப்பு ஆகியவை போதும்.

அந்த வார நடைதான் பயன்பட்டது. மழைக்காலம் முடிந்த பிறகும் அது ஏறவில்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இரவில் எழுந்து நடமாடுவதும் கூடியது. அதே கடை, அதே கோயில் என்று அம்மா போய்வந்துகொண்டிருந்ததால் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை. வரைபடத்தை அச்செடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கேள்விகளுக்குத்தான் நேரம் ஒதுக்கினார். சில்லறையைச் சரியாக எண்ணுகிறாரா, பழகிய சமையலில் வரிசை தப்புகிறதா, காது நன்றாகக் கேட்கிறதா என்று கேட்டார். பிறகு தமிழிலேயே நினைவாற்றல் சோதனை, தைராய்டுக்கும் பி12 வைட்டமினுக்கும் ரத்தப் பரிசோதனை. பி12 மிகவும் குறைந்திருந்தது. அந்தக் குறைபாடே மறதியையும் நடைத் தடுமாற்றத்தையும் தரக்கூடியது என்றார். ஊசி போட்ட பிறகு நடை ஓரளவு மீண்டது. இரவு விழிப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே சோதனை செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

"என்னை வேவு பார்க்கவா இதைக் கட்டிவிட்டாய்?" என்று அம்மா ஒருமுறை கேட்டார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் திரையை அவரிடம் காட்டிவிட்டுத்தான் நான் பார்க்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கும் தெரியும்படி செய்யட்டுமா என்றதற்கு, "அவன் போன் போட்டுக் கேட்கட்டும்" என்று சொல்லிவிட்டார். இணைப்பு கொடுக்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: பேட்டரி ஒரு வாரமாவது நிற்க வேண்டும், தினமும் சார்ஜ் போடுவது இந்த வயதில் நடக்காது. ஓராண்டுப் பதிவை மொத்தமாகக் கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். எங்களுடையதில் இல்லை, மாதம் மாதமாகத் திரையைப் படம் பிடித்துத்தான் ஒட்டவைத்தேன்.