கட்டிலா, தொட்டிலா, தரைமெத்தையா: பாலூட்டும் இரவுகளுக்கு எது தோது?

மகள் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, மலேசியாவின் பினாங்கில் நாங்கள் வாழும் ஊரான ஜெலுத்தோங்கில் ஒரு கடையில் 380 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மரத்தாலான குழந்தைக் கட்டில் ஒன்றை வாங்கினோம். இப்போது அவளுக்குப் பதினொரு மாதம் ஆகிறது. அந்தக் கட்டிலில் அவள் இரவில் படுத்தது முதல் பத்தொன்பது நாளும், பின்னர் இரண்டு இரவும்தான். பத்தொன்பது நாளுக்குப் பிறகு, பெரிய கட்டிலோடு ஒட்டிப் போடும் ஒட்டுக்கட்டில், பக்கத்து வீட்டு அக்கா இரவல் கொடுத்தது, மூன்று வாரம் இருந்தது. நடுவில் மாமியார் வீட்டின் சாரோங் துணித் தொட்டிலையும் பார்த்தோம். ஒன்றரை மாதம் முடிந்ததிலிருந்து இன்றுவரை, அந்த இரண்டு இரவு தவிர, அவள் இரவுப் படுக்கை என் பக்கத்தில், தரையில் விரித்த மெத்தையில்தான். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும். நிறைமாதத்தில் பிறந்து, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் ஆரோக்கியமான குழந்தை, சிகரெட்டும் மதுவும் புழங்காத படுக்கை என்றிருந்தால் தரைமெத்தையில் உடன் படுப்பதே தோது என்பது என் கட்சி. அந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் நான் கட்சி மாறிவிடுவேன்.

தனிக்கட்டிலின் நன்மையை விளக்கத் தேவையில்லை. தட்டையான கெட்டி மெத்தை, நான்கு பக்கமும் அடைப்பு, பக்கத்தில் புரண்டு விழ யாரும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022 இல் புதுப்பித்த பரிந்துரையும் அதைத்தான் சொல்கிறது: முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், மல்லாக்கப் படுக்க வேண்டும். குழந்தை எங்கே தூங்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. என் சிக்கல் தொடங்கியது வேறொரு கேள்வியில்: தாய் எங்கே தூங்கிப்போவாள்?

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதில் நான்கு ஐந்து முறையாவது இரவில் வரும். கட்டிலில் கிடக்கும் குழந்தை சிணுங்கி, அழுது, நான் விழித்து, எழுந்து, குனிந்து தூக்கி, உட்கார்ந்து அரை மணி நேரம் பால் கொடுத்து, தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்து, முதுகு மெத்தையில் படும் நொடியில் அவள் மீண்டும் விழித்துக்கொள்ள, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவேன். கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பத்தியம் பார்க்க வந்திருந்த அம்மா பகல் முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு அடுத்த அறையில் அசந்து தூங்குவார். அறையில் விளக்கைப் போட்டால் குழந்தையின் தூக்கம் கலைகிறது என்று நான் பால் கொடுக்க வரவேற்பறைச் சோபாவுக்குப் போகத் தொடங்கினேன்.

பத்தொன்பதாம் இரவு அந்தச் சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மணி நாலே முக்கால். குழந்தை என் கையிடுக்கிலிருந்து சரிந்து, சோபாவின் கைப்பிடிக்கும் பஞ்சுத் திண்டுக்கும் இடையில், முகம் திண்டின் பக்கம் திரும்பியபடி கிடந்தாள். மூச்சு இருந்தது. நெற்றி வேர்த்து, கன்னத்தில் திண்டின் தையல் அச்சு விழுந்திருந்தது. அவளைப் படுக்க வைக்க வேண்டிய கட்டில் அடுத்த அறையில், எல்லா விதிகளுக்கும் உட்பட்டுக் காலியாக நின்றது.

இந்த ஒப்பீட்டின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இங்கிலாந்தில் நடந்த இரண்டு ஆய்வுகளின் தரவை ஒன்றாக்கி, சிசுக்களின் திடீர் மரணங்கள் 400ஐ ஆராய்ந்து பீட்டர் பிளேரும் உடன் ஆய்வாளர்களும் 2014 இல் வெளியிட்ட கட்டுரையில், சோபாவில் பெரியவரோடு தூங்கிய குழந்தைக்கு ஆபத்து ஏறத்தாழ 18 மடங்கு என்று கணக்கிட்டார்கள். இரண்டு யூனிட் அளவுக்கு மேல் மது குடித்தவரின் பக்கத்தில் தூங்கினாலும் அதே 18 மடங்கு. சோபா, மது, சிகரெட் மூன்றும் இல்லாத படுக்கையில், உடன் உறங்குவதால் ஆபத்து கூடியதாக அவர்களுடைய கணக்கில் தெரியவில்லை. தனிப் படுக்கையையே வலியுறுத்தும் அமெரிக்கக் கழகம்கூட, பால் கொடுக்கும்போது தூங்கிவிடக்கூடும் என்ற நிலையில் சோபாவையும் சாய்வு நாற்காலியையும்விடப் பெரியவர் படுக்கையில் ஆபத்து குறைவு என்று ஒத்துக்கொள்கிறது. பாலூட்டல் மருத்துவ அகாடமி என்ற பன்னாட்டு மருத்துவர் அமைப்பு 2020 இல் வெளியிட்ட நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போய், தெரிந்த ஆபத்துக் காரணிகள் இல்லாதபோது தாய்ப்பால் குடிக்கும் குழந்தையோடு உடன் படுப்பதே திடீர் மரணத்துக்குக் காரணம் என்று சொல்லச் சான்று இல்லை என்கிறது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்கக் கூடாது. 2013 இல் கார்ப்பெண்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பெற்றோர் புகைக்காமல், தாய் மது அருந்தாமல், குழந்தை தாய்ப்பால் குடித்தாலும்கூட, மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு உடன் படுப்பதால் ஆபத்து ஐந்து மடங்கு என்றார்கள். அந்த ஆய்வுகளில் பலரைப் பற்றி மது, போதைப்பொருள் விவரம் பதிவாகவே இல்லை என்பதை மற்றவர்கள் குறையாகச் சுட்டினார்கள். அதே கட்டுரை, ஆபத்து மிகக் குறைந்த வீடுகளில் ஆயிரம் குழந்தைகளுக்கு 0.08 மரணம் என்றிருப்பது உடன் படுத்தால் 0.23 ஆகும் என்றும் கணக்கிட்டது. சிறிய எண் என்று ஒருவர் சொல்லலாம். மூன்று மடங்குக்குக் கிட்ட ஆகிறதே என்று இன்னொருவர் சொல்லலாம். நான் இரண்டு கட்டுரைகளையும் ஒரே மாலையில் படித்துவிட்டு, சோபாவை மனதில் வைத்துத்தான் முடிவெடுத்தேன். என் வீட்டில் கட்டிலுக்கு எதிரில் நின்றது திட்டமிட்ட படுக்கை அன்று, திட்டமிடாத சோபா.

ஒட்டுக்கட்டில் இந்தச் சிக்கலைப் பாதி தீர்த்தது. பெரிய கட்டிலோடு ஒரு பக்கம் திறந்தபடி இணையும் அதில் குழந்தைக்குத் தனித் தளமும் எனக்குக் கை எட்டும் தூரமும் கிடைத்தன. அறுவைசிகிச்சையில் பெற்றவர்களுக்கும், உடன் படுக்கவே கூடாத வீடுகளுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். எங்களுக்கு வாய்த்தது எங்கள் கட்டிலைவிட இரண்டு விரல் தாழ்வு. இடைவெளியில் துண்டைச் சுருட்டி அடைத்தேன். அந்தத் துண்டே குழந்தையின் முகத்துக்கு எமன் என்பது இரண்டாம் வாரம்தான் உறைத்தது. அதோடு, பால் கொடுக்க என் பக்கம் இழுத்துக்கொண்டவளைத் திரும்பத் தள்ளி வைக்காமலே பல இரவு தூங்கிவிட்டேன், அதுவும் பத்து அங்குலப் பஞ்சு மெத்தையில், இரண்டு தலையணைக்கு நடுவில். உயரம் பொருந்தும் நல்ல ஒட்டுக்கட்டில் கிடைத்திருந்தால் என் தீர்ப்பு வேறாக இருந்திருக்கலாம். மூன்று வார அனுபவம்தான். அதற்கு மேல் பேச எனக்கு உரிமை இல்லை.

"பிள்ளையைப் பக்கத்துல போட்டுக்கிட்டுக் கீழ படும்மா, பசிச்சா அதுவே தேடிக்கும்" என்று அம்மா முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன என் பாட்டி ஆறு பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தார். விடியுமுன் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போகும்வரை பிள்ளை மார்போடு, பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில். ஆனால் பாட்டி படுத்தது சிமெண்டுத் தரையில் விரித்த பாயில். தலைக்கு மடித்த சேலை, போர்த்த இன்னொரு சேலை, அவ்வளவே. நாம் அந்த வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பாயின் இடத்தில் அமுங்கும் மெத்தையையும் நான்கு தலையணையையும் கனத்த போர்வையையும் வைத்துவிட்டு, பாட்டி காலத்திலிருந்து செய்வதுதானே என்கிறோம். உடன் படுப்பதன் பராமரிப்பு என்று ஒன்று உண்டு. அது ஒவ்வோர் இரவும் படுக்குமுன் செய்ய வேண்டியது.

கெக்காபு என்று இங்கே நாம் சொல்லும் இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம்; உடல் அழுத்திய இடத்தில் குழி விழுந்து, குழந்தை அதற்குள் உருண்டு வரும். நாங்கள் எடுத்தது நான்கு அங்குலத் தென்னைநார் மெத்தை. முதலில் அலமாரியிலிருந்த தோத்தோவை (மடித்து வைக்கும் மெல்லிய மெத்தை) அதன் மேல் விரித்தேன், அது நெகிழ்ந்து சுருண்டதால் எடுத்துவிட்டு, இறுக்கி மாட்டும் விரிப்பு மட்டும் போட்டேன். மெத்தையைச் சுவரோடு ஒட்டிப் போடுவது பாதுகாப்பு என்று தோன்றும். நாளடைவில் அது நகர்ந்து ஒரு சந்து உண்டாகும், குழந்தை சிக்குவது அந்தச் சந்தில்தான். எங்கள் மெத்தை எல்லாச் சுவர்களிலிருந்தும் இரண்டு அடி தள்ளி, அறையின் நடுவில் கிடக்கிறது. உருண்டாலும் நான்கு அங்குலம்.

எனக்கு ஒரு தலையணை, தலைக்கு மட்டும். பிள்ளைக்கு மாமியார் தைத்துக் கொடுத்த கடுகுத் தலையணையும், இரண்டு பக்கமும் அணை கட்டும் நீளத் தலையணைகளும் அலமாரிக்குப் போயின. மாமியாருக்கு இதில் வருத்தம்தான்; தலை உருண்டையாக வராது என்று இன்றும் சொல்வார். என் கூந்தலைப் பின்னிக் கொண்டை போடுகிறேன், ஏனென்றால் நீளமான மயிர் குழந்தையின் விரலிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ளும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் முதுகுப் பக்கம் தள்ளி நைட்டிக்குள் ஊக்குப் போட்டுக்கொள்ளலாம்; நான் முதல் ஆறு மாதம் இரவில் கழற்றிச் சாமி அறையில் வைத்தேன். அரைஞாண் இருக்கட்டும், கழுத்தில் கட்டிய மந்திரித்த கயிறு வேண்டாம். இங்கே பலரும் செய்வதுபோல் கைகால்களைச் சேர்த்துத் துணியில் இறுக்கிச் சுற்றும் பெடோங்கும் உடன் படுக்கையில் கூடாது; குழந்தை முகத்தில் பட்டதைத் தட்டிவிடக் கை வெளியே இருக்க வேண்டும். பினாங்கின் இரவுச் சூட்டுக்குப் போர்வையே தேவைப்படாது, மின்விசிறியும் ஒரு சட்டையும் போதும்.

இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் குழந்தைத் தூக்கத்தை ஆராயும் பேராசிரியர் ஒருவரின் பெயர் ஹெலன் பால். நம் காதுக்கு வேலைக்கேற்ற பெயர். இரவில் காமிரா வைத்துப் பார்த்தபோது, பாலூட்டும் தாய்மார் யாரும் சொல்லிக்கொடுக்காமலே குழந்தையை மார்புக்கு நேராக வைத்து, அதன் பக்கம் திரும்பி, முழங்காலை மடித்து அதன் காலடிக்குக் கீழும், மேல் கையை அதன் தலைக்கு மேலும் வளைத்து ஒரு கூடு போலப் படுப்பதை அவர் பதிவு செய்தார். புட்டிப்பால் கொடுக்கும் தாய்மார் குழந்தையை மேலே, தலையணை உயரத்தில் வைக்கும் போக்கையும் கண்டார். இதனால்தான் நான் பேசுவது தாய்ப்பால் குழந்தைகளைப் பற்றி மட்டும். அந்தக் கூட்டுக்குள் குழந்தை மேலோ கீழோ நகர்வதும், தாய் அதன்மேல் புரள்வதும் கடினம். எனக்கு அது முதல் வாரம் இடுப்பு வலியாகத்தான் தெரிந்தது. பிறகு உடம்பே அந்த வளைவுக்குப் பழகிவிட்டது.

கணவருக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் இடமில்லை. இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு வருபவருக்கு வரும் தூக்கம் குடித்தவரின் தூக்கத்துக்குச் சமம். அவர் பெரிய கட்டிலில் தனியாகப் படுக்கிறார். தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து நான் குடித்த இரண்டு இரவு குழந்தை மரக்கட்டிலுக்குப் போனாள். வீட்டுக்கு வந்த கிளினிக் மிஸ்ஸி (தாதி) படுக்கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மலாயில் "பாந்தால் ஜாங்கான்" என்றார், தலையணை கூடாது என்று. வேறொன்றும் சொல்லவில்லை.

சாரோங் தொட்டிலைப் பற்றிச் சுருக்கமாக. இரும்பு நிலையில் ஸ்பிரிங்கில் தொங்கும் அதில் குழந்தை தூங்கும் அழகுக்கு ஈடில்லை, மாமியார் வீட்டில் தங்கிய பதினொரு நாளும் பகலில் அதில்தான் கிடந்தாள். ஆனால் துணி உடலோடு குழிந்து, முகவாய் மார்பில் இடித்து மூச்சுவழி மடங்கும் என்பதால் கண்ணெதிரே இருக்கும் பகலுக்குத்தான் அது சரி. இரவில் பால் கொடுக்க அதிலிருந்து தூக்க எழுந்தே ஆக வேண்டும் என்பதால், தாயின் தூக்கக் கணக்கில் அது கட்டிலைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை.

வேலைக்குத் திரும்பிய பிறகு இன்னொரு லாபம் தெரிந்தது. 2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாளாகிவிட்டது. ஆனாலும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற நம் தேசியக் கொள்கைக்கு அது பாதிவழிதான். பகலில் பால் கறந்து வைத்தாலும் மகள் அதைக் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, இரவில் என்னிடம் ஈடுகட்டினாள். பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம் என்பதால் சுரப்பும் குறையவில்லை. நான்கு முறை எழுந்து உட்கார்ந்திருந்தால் மறுநாள் அலுவலகத்தில் என்னால் நிமிர்ந்திருக்க முடியாது. ஒருக்களித்துப் படுத்தபடி கொடுத்ததில் எத்தனை முறை கொடுத்தேன் என்ற கணக்கே பல நாள் தெரியாது. நஷ்டமும் உண்டு. அவள் இப்போதும் மார்பைத் தேடாமல் தூங்குவதில்லை, தவழத் தொடங்கியபின் மெத்தையை விட்டிறங்கிக் கதவு வரை போய்விடுகிறாள். அறை முழுவதையுமே கட்டிலாக எண்ணி, மின்செருகிகளை மூடி, அலமாரியைச் சுவரில் திருகி வைக்க வேண்டியதாயிற்று.

மரக்கட்டிலை விற்றுவிடலாமா என்று கணவர் கேட்டார். அடுத்த மாதம் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தங்கைக்குப் பிரசவம். அவள் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடிப்பவர். வெளியே நின்று பிடித்தாலும் கணக்கு ஒன்றுதான். கட்டிலைத் துடைத்து, திருகுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேன்; சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறது. பால் கொடுக்கும் இடத்தில் சோபா வேண்டாம் என்பதையும் அன்றே அவளிடம் சொல்ல வேண்டும்.